பேவாலில் விலையை ஒளிக்காதீர்கள்: விற்கவும் வேண்டும், ரிவ்யூவையும் தாண்ட வேண்டும்

நான் முதன்முதலில் செய்த சந்தா ஆப்பின் பேவால், அதாவது பணம் கட்டச் சொல்லும் ஸ்கிரீன், ஸ்டோரில் வெளியிடும் முன் நடக்கும் ரிவ்யூவில் திரும்பி வந்துவிட்டது. ஆண்டுக்கு 1200 வசூலிக்கும் திட்டம் அது (நாணயம் எதுவாகவும் இருக்கட்டும், கணக்குக்காகத்தான் சொல்கிறேன்). ஆனால் ஸ்கிரீன் நடுவில் தடித்த எழுத்தில் நான் போட்டிருந்தது ‘மாதம் வெறும் 100’. 1200 என்பது அதற்குக் கீழே, வெளிர் சாம்பல் நிறத்தில், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரியும் அளவில் இருந்தது. பார்க்கிற ஆப்பெல்லாம் இப்படித்தானே செய்கிறது என்று நினைத்தேன். மாற்றச் சொன்னார்கள், முனகிக்கொண்டே மாற்றினேன். அதற்கப்புறம் டிரயல் தொடங்குகிறவர்கள் கொஞ்சம் குறைந்தார்கள்தான். ஆனால் ‘என்னைக் கேட்காமல் ஏன் இவ்வளவு பணம் எடுத்தீர்கள்’ என்று வந்துகொண்டிருந்த மெயில்கள் கிட்டத்தட்ட நின்றுபோயின, டிரயல் முடிந்து பணம் கட்டி நிலைத்தவர்கள் கூடினார்கள்.

அன்றிலிருந்து ஸ்டோர் விதிகளை வேறு கண்ணோடு பார்க்கிறேன். வாங்கலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்கிறவருக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும்: எவ்வளவு, எப்போது எடுப்பார்கள், பிடிக்கவில்லை என்றால் எப்படி நிறுத்துவது. விதிகள் நம்மை எழுதச் சொல்வதும் பெரும்பாலும் இதே மூன்றைத்தான்.

ஸ்கிரீனில் என்ன இருக்க வேண்டும்

ஆப்பிளில் சந்தாவைப் பற்றிய பகுதி ரிவ்யூ வழிகாட்டியின் 3.1.2. அதோடு சேர்த்து, சந்தாக்களுக்கு ஆப்பிள் தரும் வடிவமைப்புக் குறிப்புகளையும் படித்துவிடுங்கள். உண்மையில் வசூலிக்கப்படும் மொத்தத் தொகைதான் ஸ்கிரீனில் இருக்கும் விலைகளிலேயே பளிச்சென்று தெரிய வேண்டும், மாதக் கணக்கு, இலவச டிரயல், அறிமுக விலை எல்லாம் இடத்திலும் அளவிலும் அதற்குக் கீழேதான் என்று அங்கே தெளிவாக இருக்கிறது. கூகுள் பிளே இன்னும் நேரடி: ஆண்டுச் சந்தாவின் விலையை மாத விலையாக முதன்மைப்படுத்திக் காட்டுவதைத் தன் கொள்கையில் மீறலுக்கு உதாரணமாகவே கொடுத்திருக்கிறது. மாதக் கணக்கைக் காட்டவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை, சின்னதாகக் கீழே போட்டால் போதும்.

மற்றவை: திட்டத்தின் பெயர், காலம், அதில் என்ன கிடைக்கும், தானாகப் புதுப்பிக்கப்படும் என்ற செய்தி, பயன்பாட்டு விதிமுறைக்கும் தனியுரிமைக் கொள்கைக்கும் தட்டினால் திறக்கிற லிங்க், பழைய வாங்குதலை மீட்கும் ரெஸ்டோர் பட்டன். லிங்க் திறக்காமல் போவதாலேயே ரிஜெக்ட் ஆகும் ஆப்கள் உண்டு. ஆப்பிளில் விதிமுறை, தனியுரிமை லிங்க்குகள் ஸ்டோர் பக்கத்திலும் இருக்க வேண்டும், ஆப்புக்குள் மட்டும் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம்.

ஆவணங்களை ஸ்கேன் செய்யும் ஆப் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பேவாலை நான் இப்படி எழுதுவேன், மேலிருந்து கீழாக:

அளவில்லாமல் ஸ்கேன் செய்யுங்கள், உள்ளே இருக்கும் எழுத்தைத் தேடுங்கள்
ஆண்டுச் சந்தா: ஆண்டுக்கு 1200
மாதத்துக்கு 100 கணக்கு
இன்று: எல்லாம் திறக்கும், பணம் எடுக்க மாட்டோம்
5ஆம் நாள்: நினைவூட்டுவோம்
7ஆம் நாள்: 1200 எடுக்கப்படும், 24 மணி நேரம் முன்பு வரை ரத்து செய்யலாம்
[7 நாள் இலவசமாகத் தொடங்கு]
பிறகு ஆண்டுக்கு 1200. ரத்து செய்யும் வரை தானாகப் புதுப்பிக்கப்படும்.
வாங்கியதை மீட்க · விதிமுறைகள் · தனியுரிமை

அந்த 24 மணி நேரக் கெடு ஆப்பிளின் விதி, ஆண்ட்ராய்டு பதிப்பில் வாசகத்தை அதற்கேற்ப மாற்றுங்கள். இன்று, 5ஆம் நாள், 7ஆம் நாள் என்று தேதி வரிசை காட்டும் வடிவத்தைப் பிரபலமாக்கியது புத்தகச் சுருக்க ஆப்பான பிளிங்கிஸ்ட். எனக்கு மிகவும் பிடித்த வடிவம் இது, ஏனென்றால் ‘மறந்துபோய் பணம் போய்விடுமோ’ என்ற பயத்துக்கு நேராகப் பதில் சொல்கிறது. ஆனால் நினைவூட்டுவோம் என்று எழுதினால் நினைவூட்டியே ஆக வேண்டும். நோட்டிஃபிகேஷன் அனுமதி தராதவருக்கு மெயில் அனுப்பவும் வழியில்லை என்றால் அந்த வரியை அவருக்குக் காட்டாதீர்கள்.

டிரயலில் இன்னொரு பொறி இருக்கிறது. ஆப்பிளில் ஒரு சந்தாக் குழுவுக்கு (ஒன்றுக்குப் பதில் இன்னொன்றாக மாறக்கூடிய திட்டங்களின் தொகுப்பு) ஒருவருக்கு ஒருமுறைதான் அறிமுகச் சலுகை. ஏற்கெனவே அனுபவித்தவருக்கும் ‘7 நாள் இலவசம்’ என்று பட்டன் காட்டினால், அவர் தட்டியதும் உடனே பணம் போகும். அந்தக் கோபம் நியாயமானது. ஆப்புக்குள் வாங்குதலுக்கு ஆப்பிள் தரும் கருவித்தொகுப்பான ஸ்டோர்கிட் 2இல், அவருக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வழி இருக்கிறது, கேட்டுவிட்டு அதன்படி வாசகத்தை மாற்றுங்கள்.

எப்போது காட்டுவது

ஆப் திறந்த நொடியிலேயே பேவாலைக் காட்டுவது விதிப்படி தவறில்லை. சந்தா இல்லாமல் ஆப் வேலையே செய்யாது என்றால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், இலவசமாகவும் பயன்படுத்தலாம் என்றால் அதுவும் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எந்த நொடியில் காட்டுகிறோம் என்பதில்தான் விற்பனையின் பெரும்பகுதி இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஸ்கேன் ஆப்பில் ஒருவர் நான்கு பக்கம் எடுத்து, ஓரம் தானாக நேரானதைப் பார்த்து, ‘அட, நன்றாக இருக்கிறதே’ என்று நினைத்து, உள்ளே ஒரு பெயரைத் தேடப் போகிறார். அங்கே காட்டுங்கள். தலைப்பிலும் அதையே சொல்லுங்கள்: ‘ஸ்கேன் செய்த பக்கத்துக்குள் தேட’. பொதுவாக ‘பிரீமியம் ஆகுங்கள்’ என்பது அவருக்கு எதையும் சொல்லாது. அதே சமயம், அவர் எடுத்த நான்கு பக்கத்தைப் பூட்டி வைத்துப் பணம் கேட்காதீர்கள். அது அவருடைய பொருள்.

மூடும் பட்டனை ஐந்து நொடி கழித்துக் காட்டுவது, பின்னணி நிறத்திலேயே மறைப்பது, திரும்பத் திரும்ப ஓடும் பொய்யான கவுன்ட்டவுன், இதெல்லாம் வேண்டாம். வேண்டாம் என்கிறவரைப் பிடித்து வைத்து வாங்க வைத்தால் ரீஃபண்டாகவும் ஒரு ஸ்டாராகவும் திரும்பி வரும். மூடும் எக்ஸ் குறி முதலிலிருந்தே தெரியட்டும்.

திட்டங்கள் இரண்டு போதும், ஆண்டு, மாதம். வாரச் சந்தா அனுமதிக்கப்பட்டதுதான், ஆப்பிளில் குறைந்தபட்சக் காலம் 7 நாள், ஆனால் பயனரிடம் ஆண்டுக்கு எவ்வளவு ஆகும் என்று சொல்லக் கூசுகிற விலையை நான் வைக்க மாட்டேன்.

கட்டும்போது சறுக்கும் இடங்கள்

விலையைக் கையால் எழுதாதீர்கள். ஸ்டோர் அனுப்பும், அந்த நாட்டுக்கு ஏற்றபடி வடிவமைத்த விலையை அப்படியே காட்டுங்கள். படத்துக்குள் விலை எழுதி வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

ஐபேடில் திறந்து பாருங்கள். ஐபோனுக்கு மட்டும் செய்த ஆப்பாக இருந்தாலும் ரிவ்யூ செய்கிறவர் ஐபேடில் திறக்கக்கூடும், அங்கே கீழ்வரி வெட்டுப்பட்டு லிங்க்குகள் காணாமல் போனால் அவருக்கு அவை இல்லாததற்குச் சமம். சின்ன போன், பெரிதாக்கிய எழுத்து, மொழிபெயர்த்த நீளமான வாசகம் மூன்றையும் சேர்த்துச் சோதியுங்கள். பட்டன் ஸ்கிரீனுக்கு வெளியே போய்விட்ட பேவாலை நானே வெளியிட்டிருக்கிறேன்.

திட்டங்கள் ஸ்டோரிலிருந்து வராமல் போனால்? சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம் மட்டும் தெரிந்தால் ரிஜெக்ட் நிச்சயம். ‘மீண்டும் முயல்க’ என்று ஒரு பட்டனும் வெளியேற வழியும் வையுங்கள். ஆப்பிளில் கட்டண ஆப் ஒப்பந்தத்தை ஏற்காமல் இருந்தால் திட்டங்கள் வரவே வராது, முதல் சந்தாவை ஆப்பின் புதிய பதிப்போடு சேர்த்துத்தான் ரிவ்யூவுக்கு அனுப்ப வேண்டும். இந்த இரண்டும் தெரியாமல் கோடில் தவறு தேடி ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கூகுள் பிளேயில் வாங்குதலை 3 நாளுக்குள் ஆப் ஏற்றுக்கொண்டதாக உறுதி செய்யாவிட்டால் பணம் தானாகத் திரும்பிவிடும், இதைக் கட்டாயம் சோதியுங்கள். உண்மையில் பணம் போகாமல் சோதிக்க ஆப்பிள் தரும் சான்ட்பாக்ஸில் ஒரு மாதச் சந்தா சாதாரணமாக 5 நிமிடத்தில் புதுப்பிக்கும், ஓராண்டு 1 மணி நேரம். அதனால் புதுப்பித்தல், காலாவதி, ரெஸ்டோர் எல்லாவற்றையும் ஒரே மதியத்தில் பார்த்துவிடலாம்.

எதை அளப்பது

எத்தனை பேர் டிரயல் தொடங்கினார்கள் என்பதை மட்டும் பார்த்தால் தவறான பேவால் ஜெயிக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 பேர் ஆப்பை இறக்குகிறார்கள். விலையை மறைத்த பேவாலில் 120 பேர் டிரயல், 30 பேர் பணம், அதில் 9 ரீஃபண்ட், மீதி 21. விலையைப் பளிச்சென்று சொன்னதில் 90 பேர் டிரயல், 32 பேர் பணம், 2 ரீஃபண்ட், மீதி 30. முதல் வாரத்தில் பார்த்தால் முதலாவதுதான் நல்லதாகத் தெரியும். அதனால் இறக்கியவர் ஒருவருக்கு ரீஃபண்ட் போக எவ்வளவு வந்தது என்று பாருங்கள், டிரயல் காலம் முடிந்து இன்னும் கொஞ்ச நாள் போகும் வரை எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஒரு சோதனையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், முதலில் தலைப்பு, அப்புறம் காட்டும் இடம். பட்டன் நிறமெல்லாம் கடைசி.

வாங்கிய பிறகு

செட்டிங்ஸில் ‘சந்தாவை நிர்வகிக்க’ என்று ஒரு வரி, தட்டினால் ஸ்டோரின் சந்தாப் பக்கமே திறக்க வேண்டும். ரத்து செய்ய எளிய வழியை ஆப்புக்குள் தருவதைக் கூகுள் பிளே கட்டாயமாக்கியிருக்கிறது, ஆப்பிளில் ஐஓஎஸ் 15 முதல் ஆப்பை விட்டு வெளியே போகாமலே அந்தப் பக்கத்தைக் காட்டலாம். கணக்கை நீக்கும் வசதி வைத்திருந்தால், நீக்கினாலும் சந்தா ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். கார்டு காலாவதியாகி பணம் எடுக்க முடியாமல் போகிறவர்கள் நிறைய, அவர்கள் நம்மை விட்டுப் போக நினைத்தவர்கள் இல்லை. ஆப்பிளில் 3, 16, 28 நாள் என்று சலுகைக் காலம் (பணம் வந்து சேரும் வரை சந்தாவைத் துண்டிக்காமல் விடும் நாட்கள்) வைத்துக்கொள்ளலாம், மறக்காமல் இயக்கி விடுங்கள்.

கடைசியாக, அனுப்பும்போது ரிவ்யூ குறிப்பில் பேவாலுக்கு எப்படிப் போவது என்று இரண்டே வரியில் எழுதுங்கள்: ‘ஒரு பக்கம் ஸ்கேன் செய்து, மேலே உள்ள தேடல் குறியைத் தட்டவும்’. லாகின் தேவைப்பட்டால் சோதனைக் கணக்கும் கொடுங்கள், அந்தக் கணக்கில் ஏற்கெனவே சந்தா இருக்கக் கூடாது. இருந்தால் அவருக்குப் பேவாலே தெரியாது.