வரி ஏறுச்சுன்னு அவசரத்துல பண்ற தவறுகள்: சின்ன வியாபாரிக்கும் வாங்குறவங்களுக்கும்

இறக்குமதி வரி ஏறுதுன்னு நியூஸ் வந்ததும் எல்லாரும் பாக்குறது ஒரே ஒரு நம்பர் தான், 25 சதவீதம், 50 சதவீதம்னு. அந்த ஒரு நம்பரை வச்சே விலையை ஏத்துறாங்க, ஆர்டரை கேன்சல் பண்றாங்க, பல வருஷமா நம்பி வாங்குன சப்ளையரை விட்டுட்டு ஓடுறாங்க. வரியால வர்ற நஷ்டத்தை விட இந்த அவசரத்தால வர்ற நஷ்டம் பல நேரம் பெருசா போயிடுது, அதுவும் கையில பணம் கம்மியா வச்சு ஓட்டுற சின்ன வியாபாரம் தாங்காது.

வரியை யார் கட்டுறாங்கங்கறதுலயே குழப்பம் ஆரம்பிக்குது. ஒரு நாட்டு சரக்கு மேல வரி போட்டா அந்த நாடு கட்டும்னு நினைக்கிறாங்க, அப்படி கிடையாது. கஸ்டம்ஸ்ல பணம் கட்டுறது சரக்கை இறக்குமதி பண்றவர். அதுக்கப்புறம் அந்த சுமையில சப்ளையர் எவ்வளவு விலை குறைச்சு ஏத்துக்கறார், நீங்க லாபத்துல எவ்வளவு விட்டுக்கொடுக்கறீங்க, கஸ்டமர் எவ்வளவு தர்றார்ங்கறதெல்லாம் பேச்சுவார்த்தைல தான் முடிவாகும், அதனால பேசாம இருந்தா மொத்தமும் உங்க தலையில தான் விழும்.

அடுத்தது கணக்கு, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமா படுது. வரி போடுறது கடையில விக்கிற விலை மேல இல்ல, இறக்குமதி மதிப்பு மேல. ஒரு பொருளோட இறக்குமதி மதிப்பு 100, சரக்கு கூலி மத்த செலவு 20, கடை வாடகை சம்பளம் 60, லாபம் 20, ஆக மொத்தம் 200க்கு விக்கிறீங்கன்னு வச்சுக்கங்க. புதுசா 25 சதவீதம் வரின்னா கூடுறது 25 தான், அதாவது விலை 225 ஆகணும், பன்னிரண்டரை சதவீத ஏற்றம். ஆனா "வரி 25 சதவீதம், அதனால விலையும் 25 சதவீதம்"னு 250 போட்டா கஸ்டமர் பக்கத்து கடைக்கு போயிடுவார். சரி, கஸ்டமரை இழக்க வேணாம் நானே தாங்கிக்கறேன்னு பழைய 200க்கே வித்தா ஒவ்வொரு பீஸுக்கும் 5 கையை விட்டு போகுது, வியாபாரம் ஓடுற மாதிரி தெரியும், ஆனா உள்ளுக்குள்ள நஷ்டம் தான். இதுல இன்னொன்னு, எந்த மதிப்பு மேல வரிங்கறது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவுல பொதுவா கப்பல் கூலியை சேக்க மாட்டாங்க, இந்தியாவுலயும் ஐரோப்பிய யூனியன்லயும் கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் சேத்து தான் மதிப்பு போடுவாங்க, அதுக்கு மேல ஜிஎஸ்டி, வாட் மாதிரி வரி வேற வரும், அது இந்த வரியையும் சேத்த தொகை மேல. அதனால ஒவ்வொரு பொருளுக்கும் கைக்கு வந்து சேர்ற அடக்க விலையை தனித்தனியா போட்டு பாக்காம எந்த முடிவும் எடுக்காதீங்க.

லாபக் கணக்கு சரியா இருந்தாலும் கைப்பணத்துல மாட்டிக்கறவங்க உண்டு. சரக்கு வித்து காசு வர ரெண்டு மூணு மாசம் ஆகும், ஆனா வரி கட்டுறது சரக்கை எடுக்கும்போதே. வரி ஏறப்போகுதுன்னு கடன் வாங்கி குடோன் முழுக்க ஸ்டாக் அடைக்கிறதும் இதே பிரச்சினைல தான் முடியும். 2025ஐ பாருங்க, ஏப்ரல்ல சீன சரக்கு மேல அமெரிக்கா போட்ட புது வரி 145 சதவீதம் வரைக்கும் போச்சு, மே நடுவுலயே அது 30க்கு இறங்கிடுச்சு. சில வாரத்துல இவ்வளவு மாறும்போது நல்லா வேகமா விக்கிற சரக்கை மட்டும் கொஞ்சம் முன்கூட்டி வாங்கறது சரி, மெதுவா போற சரக்கை அடைச்சு வச்சா வட்டியும் வாடகையும் தின்னுடும். பாண்டட் குடோன்ல, அதாவது கஸ்டம்ஸ் கண்காணிப்புல இருக்குற குடோன்ல வச்சா, சரக்கை வெளிய எடுக்குற வரைக்கும் வரி கட்ட வேணாம், ஆனா அப்போ எந்த ரேட் பிடிக்கும்னு முன்னாடியே கேட்டுக்கங்க.

சரக்கோட கோட் நம்பர் விஷயத்துல பண்ற தப்பு தான் பின்னாடி கழுத்தை பிடிக்கும். ஒவ்வொரு சரக்குக்கும் ஹெச்எஸ் கோட் இருக்கு, அது எந்த வகை சரக்குன்னு சொல்ற நம்பர், அதை வச்சு தான் வரி ரேட் முடிவாகும், முதல் 6 இலக்கம் உலகம் முழுக்க பொது, அதுக்கப்புறம் ஒவ்வொரு நாடும் தன் இலக்கத்தை சேத்துக்கும். சப்ளையர் போட்டு அனுப்புன கோடையே கண்ணை மூடிக்கிட்டு போடாதீங்க. 2003ல அமெரிக்க கோர்ட்ல டாய் பிஸ்ங்கற கம்பெனி, தன்னோட சூப்பர் ஹீரோ பொம்மைங்க மனுஷ உருவத்தை குறிக்கலன்னு வாதாடி ஜெயிச்சுது, மனுஷ பொம்மைக்கு 12 சதவீதம், மத்த விளையாட்டு சாமானுக்கு 6.8 சதவீதம்னு அந்த சரக்கு இறக்குமதி ஆனப்ப ரேட் இருந்துது. இது சட்டப்படி போன வழி. ஃபோர்டு கம்பெனி சரக்கு வேனுக்கு பின் சீட்டு போட்டு பயணிகள் வண்டின்னு இறக்கி 25 சதவீதத்துக்கு பதிலா 2.5 கட்டுச்சுன்னு வழக்கு வந்து, 2024ல 36.5 கோடி டாலர் கட்டி செட்டில் பண்ணுச்சு. அவ்வளவு பெரிய கம்பெனி தாங்கும், நீங்க தாங்குவீங்களா? "இன்வாய்ஸ்ல பாதி விலை போடுறேன், வேற நாடு வழியா அனுப்பி லேபிள் மாத்திடலாம்"னு சப்ளையர் ஆசை காட்டுனா தயவுசெஞ்சு ஒத்துக்காதீங்க, ஏன்னா அபராதம் நோட்டீஸ் வர்றது இறக்குமதியாளர் பேருக்கு. லேபிள் மாத்துனா மட்டும் சரக்கோட பிறந்த நாடு மாறாது, அங்க உண்மையிலேயே பெரிய வேலைப்பாடு நடந்திருக்கணும். சந்தேகம்னா பல நாட்டு கஸ்டம்ஸ்ல முன்கூட்டியே எழுத்துல தீர்ப்பு வாங்கற வசதி இருக்கு.

ஏற்றுமதி பண்றவங்க டிடிபின்னு, அதாவது வரியையும் நானே கட்டி வாங்குறவர் இடத்துக்கு சேத்துடறேன்னு கையெழுத்து போடும்போது ரொம்ப ஜாக்கிரதை. எந்த செலவு விக்கிறவருது, எது வாங்குறவருதுன்னு சொல்ற சர்வதேச விதிகளான இன்கோடெர்ம்ஸ்ல இருக்குற 11 விதிகள்ல இது ஒன்னுல மட்டும் தான் வாங்குறவர் நாட்டு இறக்குமதி வரியையும் விக்கிறவரே கட்டணும். நடுவுல வரி ஏறுனா முழுசும் உங்களுது. கொட்டேஷன்ல இத்தனை நாள் தான் செல்லும், வரி மாறுனா விலையை திரும்ப பேசுவோம்னு ஒரு வாக்கியம் எழுதி வைங்க.

வாங்குறவங்க பண்ற பெரிய தப்பு பயத்துல வாங்கறது. கிரெடிட் கார்டுல இப்பவே வாங்கிட்டு மாசா மாசம் வட்டி கட்டுனா, தப்பிச்சதா நினைச்ச வரியை விட வட்டி கூடிடும். உள்நாட்டு பொருள்னா விலை ஏறாதுன்னும் நம்பிடாதீங்க. 2018ல அமெரிக்கா வாஷிங் மெஷினுக்கு வரி போட்டப்ப அங்கேயே தயாரான மெஷினும் ஏறுச்சு, வரியே போடாத, துணி காய வைக்கிற டிரையரும் ஏறுச்சு, ஏன்னா ரெண்டையும் ஜோடியா தான் வாங்குவாங்க, ஆய்வு பண்ணவங்க கணக்குல ரெண்டுமே கிட்டத்தட்ட 12 சதவீதம். அதனால பிராண்டை பாக்காம, வேற மாடல், ரிப்பேர், பழசு வாங்கறதுன்னு எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிடுங்க.

வெளிநாட்டு சைட்ல ஆர்டர் போடுறவங்களுக்கு, சின்ன பார்சலுக்கு வரி கிடையாதுங்கற காலம் பல இடத்துல முடியுது. அமெரிக்காவுல 800 டாலர் வரைக்கும் இருந்த சலுகையை 2025 ஆகஸ்ட் 29ல எல்லா நாட்டுக்கும் நிறுத்திட்டாங்க. காட்டுற விலைல வரி சேந்திருக்கா, இல்ல வீட்டு வாசல்ல கூரியர்காரர் வரியோட கையாளும் கட்டணமும் சேத்து கேப்பாரான்னு ஆர்டர் போடுறதுக்கு முன்னாடியே பாருங்க. "பார்சல் நிக்குது, வரி கட்டுங்க"ன்னு லிங்க்கோட மெசேஜ் வந்தா அதை தொடாதீங்க, கூரியர் கம்பெனி சைட்டுக்கு நீங்களா போய் டிராக்கிங் நம்பரை போட்டு பாருங்க. பொருளை திருப்பி அனுப்புனா கட்டுன வரி தானா திரும்ப வராது, தனியா விண்ணப்பிக்கணும், அதுக்கு வரி கட்டுன ரசீதும் திருப்பி அனுப்புன ஆதாரமும் கேப்பாங்க, ரெண்டையும் பத்திரமா வச்சிருங்க.