பொலிஸ் மறித்தால் என்ன செய்வது: புதிதாக வந்தவர்களுக்கு

கனடாவுக்கு வந்த இரண்டாம் வருடம், ஸ்காபுறோவிலிருந்து நியூ ஜேர்சிக்கு மச்சானோடு ஒரு கலியாண வீட்டுக்குக் காரில் போனேன். எல்லை தாண்டி இரண்டு மணித்தியாலம் இருக்கும், பின்னால் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம். மச்சான் காரை ஓரங்கட்டினார், கதவைத் திறந்தார், லைசன்ஸ் எடுக்கப் பின் பொக்கற்றுக்குள் கையை விட்டபடி இறங்கினார். அவருக்கு அது மரியாதை. இலங்கையில், ஊரில் இராணுவச் சென்றிக்கு (காவலரணுக்கு) முன்னால் சைக்கிளை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து பழகியவர். தமிழ்நாட்டிலும் வண்டியை நிறுத்திவிட்டு, பேப்பரோடு இன்ஸ்பெக்டரிடம் நாம்தான் போவோம்.

ஒலிபெருக்கியில் ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். அந்தப் பொலிஸ்காரரின் கை துப்பாக்கி உறையின் மேல் இருந்தது. மச்சான் அப்படியே உறைந்துபோய் நின்றார். அதனால்தான் இன்று உயிரோடு இருக்கிறார் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அமெரிக்காவில் பொலிஸ்காரர் துப்பாக்கியோடு வருகிறார், உங்களிடமும் ஒன்று இருக்கலாம் என்று நினைத்தே வருகிறார். அண்மைய ஆண்டுகளில் வருடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பொலிஸ் சூட்டில் சாகிறார்கள். சனத்தொகையோடு ஒப்பிட்டால் கறுப்பின மக்கள் வெள்ளையரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 2016 இல் மினசோட்டாவில் பிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பினத்தவர், தன்னிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருப்பதைப் பணிவாகத் தானே சொன்னார். சில விநாடிகளில் சுடப்பட்டார். சுட்டவரை ஜூரி விடுதலை செய்தது. அந்தச் சூழ்நிலையில் ஒரு பொலிஸ்காரருக்கு அது நியாயமாகத் தோன்றியிருக்குமா என்றுதான் அங்கே சட்டம் கேட்கும். ஆகவே காரை விட்டு இறங்காதீர்கள். இரவானால் உள் விளக்கைப் போடுங்கள். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும். "லைசன்ஸ் பொக்கற்றில் இருக்கிறது, எடுக்கட்டுமா?" என்று கேட்டு, சரி என்ற பிறகே கையை அசையுங்கள்.

இங்கிலாந்தில் பெரும்பாலான பொலிஸாரிடம் துப்பாக்கியே கிடையாது. பொலிஸ் சூட்டில் சாகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அங்கே உங்கள் பிள்ளைக்கு நடக்கக்கூடியது தெருவில் மறித்துச் சோதிப்பது. கறுப்பின இளைஞர்களை மிக அதிகமாக மறிக்கிறார்கள், நமது பெடியன்களையும் விடுவதில்லை. ஏன் சோதிக்கிறீர்கள், எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேட்கலாம். அந்தச் சோதனைக்காக மட்டும் பெயர், விலாசம் கொடுக்கத் தேவையில்லை. சோதனைப் பதிவின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள், முறைப்பாடு செய்வதென்றால் அதுதான் கையில் இருக்கும்.

பிரான்ஸ் வேறு மாதிரி. அங்கே வெளிநாட்டவர் வதிவிடப் பத்திரத்தைக் கேட்டால் காட்டியே ஆகவேண்டும். ஆளை உறுதிப்படுத்த நான்கு மணித்தியாலம் வரையும், வெளிநாட்டவரின் வதிவிட உரிமையைச் சரிபார்க்க 24 மணித்தியாலம் வரையும் மறித்து வைக்கலாம். பரிஸில் தமிழ்க் கடைகள் உள்ள லாச்சப்பலுக்கு மரக்கறி வாங்கப் போனாலும் பத்திரம் பையில் இருக்கட்டும். கறுப்பர், அரபியர் போலத் தெரியும் இளைஞர்கள் மற்றவர்களைவிட இருபது மடங்கு அதிகமாக மறிக்கப்படுவதாக அந்நாட்டு உரிமைக் காப்பாளர் அலுவலகமே 2017 இல் சொன்னது. காரை நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுங்கள். 2023 இல் பரிஸுக்குப் பக்கத்தில் நான்தேரில், பொலிஸ் மறித்த காரை எடுத்தபோது சுட்டுக் கொல்லப்பட்ட நாஹேலுக்கு 17 வயதுதான்.

இனி நம்முடைய கனடா. "அது கறுப்பரின் பிரச்சினை, நமக்கென்ன" என்று இங்கே நம் சனம் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். ரொறன்ரோவில் ஒரு கறுப்பினத்தவர் பொலிஸ் சூட்டில் சாகும் வாய்ப்பு வெள்ளையரைவிடக் கிட்டத்தட்ட இருபது மடங்கு என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2018 இல் எழுதியது. 2022 இல் பொலிஸ் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அந்த மக்கள் போராடியதால்தான் 2017 இல் ஒன்ராறியோவில் ஒரு விதி வந்தது: விபரம் திரட்டுவதற்காக மட்டும் தெருவில் மறித்துப் பெயர் கேட்டால், காரணம் சொல்லவேண்டும், பதில் சொல்லத் தேவையில்லை என்பதையும் சொல்லவேண்டும், ரசீதும் தரவேண்டும். அது இன்று நம் பிள்ளைகளையும் காக்கிறது. கார் ஓட்டினால் மட்டும் கதை வேறு, லைசன்ஸைக் கொடுத்தே ஆகவேண்டும்.

கடைசியாக, பேரப்பிள்ளை பார்க்க வரும் அம்மா அப்பா. 2015 இல் அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தின் மடிசன் நகரில், குஜராத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்த 57 வயதுப் பெரியவர் காலையில் தெருவில் நடந்துகொண்டிருந்தார். யாரோ சந்தேகப்பட்டு அழைத்தார்கள். "நோ இங்கிலிஷ்" என்று சொன்ன மனிதரைப் பொலிஸ்காரர் தரையில் அடித்து வீழ்த்தினார். உடம்பின் ஒரு பகுதி வழங்காமல் போய்விட்டது. ஆளுநர் மன்னிப்புக் கேட்டார், பொலிஸ்காரர் தண்டனையின்றித் தப்பினார்.

என் அப்பா வந்தபோது, மகன் பெயர், விலாசம், தொலைபேசி எண், தமிழ் மட்டும் தெரியும் என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம்தான் உறைத்தது: காட்டுவதற்கு அவர் பைக்குள் கை விடவேண்டுமே. அன்று மாலையே ஒரு நாடா வாங்கி, அதைக் கழுத்தில் தொங்கவிட்டேன்.