பாஸ்டன் நார்த் எண்ட்: வீட்டுக்கு வந்தவர்களை நீங்களே கூட்டிப்போக ஒரு இத்தாலியச் சாப்பாட்டு நடை

பாஸ்டனுக்கு அப்பா அம்மா வந்தாலும் நண்பர்கள் வந்தாலும் இத்தாலியர் பேட்டையான நார்த் எண்டைக் காட்டாமல் அனுப்ப மனம் வராது. காசு கட்டிப் போகிற வழிகாட்டி நடைகள் அங்கே நிறைய உண்டு, நன்றாகவும் இருக்கும். ஆனால் அவ்வளவு நேரமும் ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டு நிற்க எல்லோராலும் முடியாது. சைவக்காரர்களுக்குப் பாதிக் கடைகளில் வேடிக்கை பார்க்கிற வேலைதான். அதனால் நானே ஒரு பாதை போட்டு, தமிழில் கதை சொல்லிக் கூட்டிப்போகிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: நாளும் நேரமும்

செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு நாள், காலை பத்து மணி. சனி ஞாயிறு வேண்டவே வேண்டாம். ஹேமார்க்கெட் ஸ்டேஷனில் இறங்குங்கள், பச்சை லைனும் ஆரஞ்சு லைனும் வரும். கார் எடுக்காதீர்கள். கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: வரைபடம்

கடைகளை கூகுள் மேப்பில் குறித்துவைத்து அது காட்டுகிற வழியில் போகலாம் என்று தோன்றும். எனக்கு அது சரிப்படாது. தெருக்கள் குறுகல், நீலப் புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவிவிடும். அதோடு மேப்புக்குக் குறுக்கு வழிதான் தெரியும், எதை முதலில் சாப்பிட வேண்டும் என்று தெரியாது. ஒரு தாளில் மூன்று தெருக்களை வரைந்துகொண்டால் போதும்: சேலம் (ஆமாம், அதே பெயர்தான்), ஹேனோவர், குறுக்கே பிரின்ஸ். கூட்டம் ஐந்து பேரைத் தாண்டினால் வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் போட்டுவிடுங்கள். கழுத்தில் மாட்டுகிற ஒலிபெருக்கி எல்லாம் வேண்டாம், அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள்.

படி 3: எங்கே என்ன சொல்வது

ஓர் இடத்துக்கு ஒரே கதை, இரண்டு நிமிடம். அதற்கு மேல் போனால் செல்போனை எடுத்துவிடுவார்கள்.

ஸ்டேஷனை விட்டு வந்ததும் நீளமாகப் பூங்கா தெரியும், அதுதான் கிரீன்வே. 1950களில் அதே இடத்தில் தூண் வைத்து ஒரு நெடுஞ்சாலை போட்டார்கள். நகரத்தின் மற்ற பகுதிக்கும் நார்த் எண்டுக்கும் நடுவே சுவர் மாதிரி நின்றது. பிறகு சாலையைச் சுரங்கத்துக்குள் இறக்கி, 2008-இல் பூங்காவைத் திறந்தார்கள். அந்தப் பாலம் மறைத்துக்கொண்டு நின்றதால்தான் உள்ளே இருந்த சின்னக் கடைகள் அவ்வளவு காலம் தாக்குப்பிடித்தன என்பது என் கட்சி.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள். இது முதலிலிருந்தே இத்தாலியர் பேட்டை இல்லை. பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஐரிஷ்காரர்கள் இருந்தார்கள், பிறகு கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் வந்தார்கள். இத்தாலியர்களில் 1860களிலேயே வந்தவர்கள் ஜெனோவாக்காரர்கள். தெற்கத்திக்காரர்கள் பின்னால் வந்தார்கள். சிசிலி மீனவர்கள் படகுத்துறைக்குப் பக்கமாக நார்த் தெருவில் குடியேறினார்கள். ஒவ்வொரு ஊர்க்காரரும் தனித்தனித் தெருவில் இருந்தார்கள், சமையலும் ஊருக்கு ஊர் வேறு. 'இத்தாலியச் சாப்பாடு' என்று ஒரே பெயரில் அழைப்பதெல்லாம் அமெரிக்கா வந்த பிறகுதான். நடை முழுக்க நீங்கள் சொல்லப்போவது இந்த ஒரு விஷயம்தான், மற்றதெல்லாம் இதற்குச் சாட்சி.

சேலம் தெருவும் பார்மென்டர் தெருவும் சந்திக்கிற முனையில் 1932 முதல் இருக்கிற போல்காரிஸ். காபிக்கொட்டை, மசாலா, பயறு எல்லாம் எடைபோட்டுத் தருகிற கடை. சும்மா நுழைந்து வாசம் பிடித்துவிட்டு வரலாம். கோடையில் எலுமிச்சை ஐஸ் கிடைக்கும். அடுத்து பிரின்ஸ் முனையில் போவாஸ் பேக்கரி, இரவெல்லாம் திறந்திருப்பதற்குப் பேர்போனது.

பிரின்ஸ் தெருவில் ஒரு நல்ல கதை இருக்கிறது. 1912-இல் சிசிலியிலிருந்து வந்த மூன்று பேர் 92-ஆம் எண் கட்டடத்தில் பாஸ்தா செய்ய ஆரம்பித்து, தெருவின் பெயரையே வைத்தார்கள். 1969-இல் அந்தக் கம்பெனி எடுத்த டிவி விளம்பரத்தில் ஜன்னலிலிருந்து அம்மா 'ஆன்டனி!' என்று கத்துவார், பையன் இதே சந்துகளில் வீட்டுக்கு ஓடுவான். யூடியூபில் இருக்கிறது. தெருவில் நின்றபடியே போட்டுக் காட்டுங்கள், அம்மாக்களுக்கு உடனே பிடித்துவிடும்.

நடக்கத் தெம்பு இருந்தால் ஓல்ட் நார்த் சர்ச்சைத் தாண்டி, இறக்கத்தில் கமர்ஷியல் தெருவுக்குப் போகலாம். 1919 ஜனவரி 15 அன்று அங்கே ஒரு பெரிய தொட்டி வெடித்து 23 லட்சம் காலன் மொலாசஸ் (சர்க்கரை ஆலையில் மிஞ்சுகிற கரும்பாகு) தெருவில் பாய்ந்தது. 21 பேர் இறந்தார்கள். இத்தாலிய அராஜகவாதிகள் குண்டு வைத்துவிட்டார்கள் என்று கம்பெனி வாதாடியது, தொட்டியே பலவீனம் என்று விசாரணையில் முடிவானது. சின்னப் பலகை ஒன்று வைத்திருக்கிறார்கள். திரும்பும்போது மேடு, முட்டிவலிக்காரர்களுக்கு வேண்டாம்.

அமெரிக்க விடுதலைப் போர்க்கால நாயகர் பால் ரெவியரின் வீட்டை எப்படியும் எல்லோரும் பார்ப்பார்கள். 1908-இல் அருங்காட்சியகமாகத் திறப்பதற்கு முன் அதன் கீழ்த்தளத்தில் மிட்டாய்க் கடை, சுருட்டுப் பட்டறை, வங்கி, காய்கறிக் கடை என்று மாறி மாறி இருந்தன. இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

படி 4: சாப்பிடும் வரிசை

எல்லோரும் மாட்டிக்கொள்வது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஹேனோவர் தெருவில் நுழைந்ததும் நீலக் கயிறு கட்டிய வெள்ளைப் பெட்டியோடு பத்துப் பேர் எதிரே வருவார்கள். உள்ளே மைக்ஸ் பேஸ்ட்ரியின் கனோலி, பொரித்த குழல் ஓட்டுக்குள் இனிப்புச் சீஸ் நிரப்பிய பலகாரம். உங்கள் கூட்டமும் அந்த வரிசையில் போய் நிற்கும். அரை மணி போகும். ஆளுக்கு ஒரு பெரிய கனோலி உள்ளே போனதும் யாருக்கும் பசி இருக்காது. அதற்குள் 289-ஆம் எண் கடை மூடியிருக்கும்.

அந்தக் கடைதான் கலேரியா உம்பெர்ட்டோ. மதியம் மட்டும் திறந்திருக்கும், சரக்கு தீர்ந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள், ஞாயிறு கிடையாது, ரொக்கம் மட்டும். 2018-இல் ஜேம்ஸ் பியர்ட் அமைப்பு அமெரிக்காவின் பழம்பெருமைக் கடைகளில் ஒன்றாக இதற்கு விருது கொடுத்தது. தடிமனான சதுர சிசிலி பீட்சா மலிவு. பன்சரோட்டி என்று ஒன்று இருக்கும், காரமில்லாத உருளைக்கிழங்கு போண்டா என்று நினைத்துக்கொள்ளுங்கள், நடுவில் சீஸ்.

ஆகவே பதினொன்றே காலுக்குள் உம்பெர்ட்டோ வரிசையில் நில்லுங்கள். மொலாசஸ் பலகையும் ரெவியர் வீடும் சாப்பிட்ட பிறகு. அப்புறம் 1929-இல் ஆரம்பித்த கஃபே விட்டோரியாவில் காபி, பழைய எஸ்பிரெஸ்ஸோ இயந்திரங்களை அடுக்கி வைத்திருப்பார்கள். கடைசியில் கனோலி. என் ஓட்டு மாடர்ன் பேஸ்ட்ரிக்கு: கேட்ட பிறகுதான் உள்ளே ரிக்கோட்டா சீஸை நிரப்பித் தருவார்கள், ஓடு மொறுமொறுப்பாக இருக்கும். விதவிதமான ருசி வேண்டுமென்றால் மைக்ஸ்.

சைவக்காரர்களுக்கு (பிறகு சேர்த்தது)

பலர் கேட்டதால் எழுதுகிறேன். உம்பெர்ட்டோவின் அரன்சினி என்கிற பொரித்த சோற்று உருண்டைக்குள் மாட்டிறைச்சி இருக்கும், பார்த்தால் தெரியாது. கனோலி ஓட்டிலும் ஸ்ஃபோலியத்தெல்லா என்கிற அடுக்கடுக்கான பேஸ்ட்ரியிலும் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம், கடைக்குக் கடை மாறும். 'லார்ட் இருக்கிறதா' என்று கவுண்டரிலேயே கேட்டுவிடுங்கள், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அசல் பார்மிஜானோ சீஸ் கன்றின் வயிற்று நொதியால் உறைய வைப்பது, கறாரான சைவம் என்றால் அதுவும் ஆகாது.

இன்னும் இரண்டு

தள்ளுவண்டியோடு போன ஒருவர் சொன்னது: நார்த் ஸ்கொயர் பக்கம் கற்கள் பாவிய தரை, சக்கரம் சிக்கும். ஹேனோவரிலேயே ஓரமாகப் போவது நல்லது. உட்கார இடம் தேடினால் பார்மென்டர் தெருவில் நூலகக் கிளை இருக்கிறது. வெனிஸ் நகரத்து டோஜ் (அந்தக் கால ஆட்சித்தலைவர்) மாளிகையின் பெரிய மாதிரி வடிவம் ஒன்றை அங்கே வைத்திருக்கிறார்கள், குழந்தைகள் நகரவே மாட்டார்கள்.

ஆகஸ்டில் போவதானால் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மீனவர் திருவிழா 1910 முதலும் புனித அந்தோனியார் திருவிழா 1919 முதலும் அந்த மாதத்தில்தான் நடக்கின்றன. தெருக்களை அடைத்துவிடுவார்கள், மேலே சொன்ன வரிசை எதுவும் செல்லாது. தெருவோரத்தில் விற்பதை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே ஊர்வலத்தின் பின்னால் போங்கள்.