அம்பாசடரில் ஆயில் கசிவு: எங்கிருந்து என்று கண்டுபிடித்த விதம்

பழைய அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். இரவு நிறுத்தினால் காலையில் பெல் ஹவுசிங்குக்கு (எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் உறை) நேர்கீழே ஐந்தாறு சொட்டு. பார்த்ததுமே கிராங்க் (எஞ்சினின் சுழலும் தண்டு) பின்முனையில்தான் கசிவு, எஞ்சினை இறக்க வேண்டும் என்பார்கள். அவசரப்படாதீர்கள்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷும் கொண்டு பிசுக்கைச் சுத்தமாக எடுத்துத் துணியால் துடைத்து உலர விட்டேன். சந்தேகமான இடங்களில் முகப்பவுடர் தூவி, இருபது நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டேன். ஓட்டிப் பார்த்தால் காற்று ஆயிலைப் பின்னால் அடித்துத் தடத்தைக் கலைத்துவிடும். டார்ச் அடித்ததில், எஞ்சினின் மேல்மூடியான ராக்கர் கவரின் பின்மூலையில் பவுடர் தேன் நிறமாகி, எஞ்சின் பிளாக்கின் பின்பக்கமாகக் கோடு போல வழிந்திருந்தது.

கவரைக் கழற்றினால், கசியாமல் அடைக்கும் கார்க் கேஸ்கெட் பிஸ்கட் போல நொறுங்கியது. மேலே இருக்கும் இரண்டு நட்டையும் யாரோ வெறியோடு முறுக்கியதில் தகட்டின் விளிம்பு வளைந்திருந்தது. மரக்கட்டையில் வைத்து மெல்லத் தட்டிச் சமப்படுத்தினேன். புது கார்க்கைக் கவர் பக்கம் மட்டும் பசை போட்டு ஒட்டுங்கள். கவர் உட்காரும் சிலிண்டர் ஹெட் பக்கம் உலர்வாகவே இருக்கட்டும். நட்டின் கீழுள்ள ரப்பர் புஷ்களையும் மாற்றுங்கள். கையால் இறுகியதும் அரைச் சுற்று போதும்.

எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்திருந்தால் கிராங்க்கேஸ் (கிராங்க் இருக்கும் அடிப்பகுதி) அழுத்தம் புது கேஸ்கெட்டையும் தாண்டி ஆயிலைத் தள்ளும்; அதையும் கழுவினேன். இந்த எஞ்சினின் கிராங்க் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது, ஆயிலைத் திருப்பி அனுப்பும் திருகுவெட்டு மட்டுமே. அதனால் ஓரிரு சொட்டு இப்போதும் விழுகிறது. அதற்காக எஞ்சினை இறக்க மாட்டேன்.