ஏஐ மாடலுக்குத் தடை என்ற செய்தி வந்தால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை நடத்தும் என் பெரியப்பா மகன் போன மாதம் ஒரு நாள் மாலை போன் செய்தார். "தம்பி, சாப்ட்வேர் விற்கிற ஒருத்தர் வந்து உட்கார்ந்திருக்கார். அவர் கொடுக்கிற ஏஐ மாடலை அமெரிக்க அரசு சீக்கிரமே வெளிநாட்டுக்குக் கொடுக்காம நிறுத்தப் போகுதாம். அவ்வளவு சக்தியாம் அதுக்கு. இன்னிக்கே மூணு வருஷச் சந்தா கட்டிட்டா நமக்குத் தொந்தரவு இல்லைங்கிறார். கட்டட்டுமா?"

பின்னாலிருந்து அவர் மகன் குரல் கேட்டது. காரைக்குடியில் கல்லூரியில் படிக்கிற பையன். "அப்பச்சி, தடையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. எல்லாம் கம்பெனிக்காரன் கிளப்பிவிடுற விளம்பரம்."

அண்ணன் செய்தியை அப்படியே நம்பினார். பையன் அப்படியே தள்ளினான். ஆனால் இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் சறுக்கினார்கள். எந்த உத்தரவு, யார் போட்டது, எதைத் தடுக்கிறது என்று யாருமே கேட்கவில்லை. இந்தச் சறுக்கலை நான் அடிக்கடி பார்க்கிறேன். பணம் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். உண்மையான ஆபத்து வரும்போது அதை அடையாளம் காணும் பழக்கமும் கூடவே போய்விடுகிறது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

எல்லாத் தடையும் ஒன்று என்று நினைப்பது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். ஏஐ மாடல் என்பது சாட்ஜிபிடி போன்ற சேவைக்குள் இருந்து பதில் சொல்லும் நிரல்; ஏராளமான தரவைக் கொடுத்துப் பழக்குவதைத்தான் பயிற்றுவிப்பது என்கிறார்கள். "ஏஐக்குத் தடை" என்று ஒரே தலைப்பில் வரும் செய்திகளுக்குள் ஐந்தாறு வெவ்வேறு சங்கதிகள் கிடக்கின்றன.

2022 அக்டோபரில் அமெரிக்க வணிகத் துறை போட்ட கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது மாடலைத் தொடவில்லை. மாடலைப் பயிற்றுவிக்கத் தேவையான, என்விடியா நிறுவனத்தின் ஏ100, எச்100 போன்ற உயர்திறன் சிப்புகள் சீனாவுக்குப் போவதைத் தடுத்தது. என்விடியா அந்த விதியின் வரம்புக்குக் கொஞ்சம் கீழே வருகிற மாதிரி ஏ800, எச்800 என்று சீனாவுக்கென்றே தனியாகத் தயாரித்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் அவற்றையும் சேர்த்துத் தடுத்தார்கள்.

2023 அக்டோபரில் அதிபர் பைடன் கையெழுத்திட்ட ஆணை வேறு வகை. மிகப் பெரிய மாடலைப் பயிற்றுவிப்பவர்கள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், பாதுகாப்புச் சோதனைகளின் முடிவுகளைக் கொடுக்க வேண்டும் என்றது. விற்கக் கூடாது என்று எங்கேயும் சொல்லவில்லை. அப்படியிருந்தும் பல இடங்களில் அது "ஏஐக்குக் கடிவாளம்" என்றுதான் பேசப்பட்டது.

இத்தாலி 2023 மார்ச் இறுதியில் சாட்ஜிபிடியை நிறுத்தியது உண்மையான தடை. ஆனால் காரணம் மாடலின் சக்தி இல்லை. மக்களின் சொந்தத் தகவல்களை எந்த உரிமையில் எடுத்துப் பயன்படுத்துகிறீர்கள் என்பதுதான் கேள்வி. நிறுவனம் சில மாற்றங்களைச் செய்ததும் ஏப்ரல் இறுதியில் சேவை திரும்ப வந்துவிட்டது. நம் நிதி அமைச்சகம் 2025 ஜனவரியில் அலுவலகக் கணினிகளில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்ற ஏஐ சேவைகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஊழியர்களுக்குச் சொன்னதும் இந்த மாதிரிதான். கோப்புகளில் இருக்கும் ரகசியம் வெளியே போய்விடக் கூடாது என்ற கவலை. அதைப் பார்த்துவிட்டு "இந்தியாவில் சாட்ஜிபிடிக்குத் தடை" என்று எனக்கே நாலு பேர் அனுப்பினார்கள்.

அப்புறம், அரசு எதுவும் சொல்லாமலே நிறுவனம் தானாக முன்வந்து ஒரு மாடலை வெளியிடாமல் வைத்திருப்பதும் உண்டு. அதுவும் "தடை" என்றே செய்தியாகிறது. வீட்டுக்காரர் தன் கதவைத் தானே பூட்டிக்கொள்வதும், தாசில்தார் வந்து சீல் வைப்பதும் ஒன்றாகுமா? பூட்டு ஒன்றுபோலத் தெரியலாம். சாவி யாரிடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

தடை என்றால் சக்திக்கான சான்றிதழ் என்று எடுத்துக்கொள்வது

அண்ணனிடம் அந்த விற்பனையாளர் பிடித்தது இந்த நூலைத்தான். இது புதிய உத்தி கிடையாது. 1999-இல் ஆப்பிள் நிறுவனம் பவர் மேக் ஜி4 என்ற கணினியை வெளியிட்டது. அப்போது அமெரிக்காவில் ஒரு ஏற்றுமதி விதி இருந்தது. குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் கணக்கிடும் கணினிகளைச் சில நாடுகளுக்கு அனுமதி இல்லாமல் அனுப்பக் கூடாது. ஜி4 அந்த வரம்பைத் தாண்டியது. ஆப்பிள் உடனே பீரங்கி வண்டிகள் ஒரு கணினியைச் சுற்றி நிற்பதுபோல் விளம்பரம் எடுத்து, அமெரிக்க அரசே இதை ஆயுதமாக வகைப்படுத்தியிருக்கிறது என்று ஓட்டியது. விதி உண்மை. விளம்பரத்தில் சொன்னதற்கும் ஆதாரம் இருந்தது. ஆனால் கணினிகள் வேகமாக வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. பழைய வரம்பு சாதாரண மேசைக் கணினியையும் பிடிக்கும் நிலைக்கு வந்திருந்தது. சில மாதங்களில் அரசு வரம்பை உயர்த்திவிட்டது. ஜி4 அதே கணினியாகத்தான் இருந்தது, ஆயுதம் என்ற பட்டம் மட்டும் கழன்றது.

அண்மைக்கால ஏஐ விதிகளிலும் வரம்பு ஓர் எண்தான். பைடன் ஆணையில், ஒரு மாடலைப் பயிற்றுவிக்கச் செய்த மொத்தக் கணக்கீடுகள் 1-க்குப் பின்னால் 26 சுழியங்கள் போட்ட எண்ணைத் தாண்டினால் அறிக்கை தர வேண்டும் என்று இருந்தது. 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் 25 சுழியங்கள். அதைத் தாண்டும் மாடல் பரவலான ஆபத்தை உண்டாக்கக்கூடியது என்று முதலில் அனுமானித்துக்கொண்டு, கூடுதல் சோதனைகளையும் விபத்து நேர்ந்தால் அறிக்கையையும் கேட்கிறார்கள்.

இந்த எண் மாடலின் அறிவை அளக்கவில்லை. அதைச் செய்ய எவ்வளவு கணக்குப் போட்டார்கள் என்பதை அளக்கிறது. கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக்கு எத்தனை வண்டி பர்மா தேக்கு இறங்கியது என்று எண்ணினால் அது பெரிய வீடு என்று ஊகிக்கலாம். மழைக்கு ஒழுகுமா என்பது அந்த எண்ணிக்கையில் தெரியாது. அரசுகள் ஏன் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டன என்றால், முன்கூட்டியே சுலபமாக அளக்க முடிவது அது. வசதிக்காக வைத்த அளவுகோல் என்று புரிந்துகொண்டால் போதும்.

2024-இல் கலிபோர்னியா சட்டமன்றம் பெரிய மாடல்களுக்கான மசோதா ஒன்றை நிறைவேற்றியது. ஆளுநர் நியூசம் செப்டம்பர் 29 அன்று அதை நிராகரித்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று இதேதான்: செலவு அதிகமான பெரிய மாடல்களை மட்டும் கண்காணித்தால், அதே அளவு ஆபத்தான சிறிய மாடல்களை விட்டுவிடுவோம், மக்களுக்குப் பொய்யான நிம்மதி வந்துவிடும். நான்கு மாதத்துக்குள், 2025 ஜனவரியில், சீனாவின் டீப்சீக் ஆர்1 மாடல் வந்தது. அதற்கு அடிப்படையான மாடலைப் பயிற்றுவித்தது மேலே சொன்ன, திறன் குறைக்கப்பட்ட எச்800 சிப்புகளில். அந்தச் செய்தி பரவிய ஒரே நாளில் என்விடியாவின் சந்தை மதிப்பு சுமார் 60,000 கோடி டாலர் சரிந்தது. சிப்பின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து யார் முன்னே, யார் பின்னே என்று கணித்தவர்கள் அன்று கையைப் பிசைந்தார்கள்.

எல்லாம் விளம்பரம் என்று ஒதுக்குவது

பையனின் தவறு இது. படித்தவர்களிடம் இதுதான் அதிகம். அதனால் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

ஓபன்ஏஐ நிறுவனம் 2019 பிப்ரவரியில், எழுத்துகளை உருவாக்கும் ஜிபிடி-2 என்ற மாடலை அறிவித்தது. 150 கோடி அளவுருக்கள், அதாவது உள் எண்கள், கொண்ட முழு வடிவத்தைத் தவறாகப் பயன்படுத்திவிடுவார்கள் என்று சொல்லி வெளியிடவில்லை. சின்ன வடிவத்தை மட்டும் கொடுத்தது. ஆராய்ச்சியாளர்களில் பலர் இது விளம்பரத் தந்திரம் என்று கோபப்பட்டார்கள். படிப்படியாக வெளியிட்டு, அந்த ஆண்டு நவம்பரில் முழு மாடலையும் கொடுத்தார்கள். உலகம் கவிழவில்லை. அன்று முதல், எந்த நிறுவனமாவது "இது ஆபத்தானது" என்றால் ஜிபிடி-2 கதையைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

ஆனால் அன்று சொன்ன கவலையின் உள்ளடக்கத்தைப் பாருங்கள். மனிதர் எழுதியது போன்ற பொய்ச் செய்திகளை மலிவாக, மூட்டை மூட்டையாகத் தயாரிக்க முடியும் என்பது. எழுத்துக்குச் சொன்னது சில ஆண்டுகளில் குரலுக்கும் வந்தது. 2024 ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயர் வாக்காளர்களுக்கு பைடன் குரலில், முதல்கட்டத் தேர்தலில் ஓட்டுப் போட வேண்டாம் என்று போலி அழைப்புகள் போயின. அடுத்த மாதமே அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம், தானியங்கி அழைப்புகளில் இப்படிச் செயற்கைக் குரலைப் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்று அறிவித்தது. 2019-இன் எச்சரிக்கையால் நிறுவனத்துக்குப் பேர் கிடைத்தது. எச்சரித்த திசையும் சரியாகத்தான் இருந்தது. இரண்டும் சேர்ந்தே உண்மையாக இருக்கலாம்.

எங்கள் ஐயா பர்மாவில் ஒரு கடையில் கணக்கெழுதியவர். ஒரு ஆள் பற்றை இன்னொரு ஆள் ஏட்டில் எழுதினால் ஐந்தொகை நேராகாது என்பார். இங்கேயும் இரண்டு ஏடுகள் இருக்கின்றன. இதைச் சொல்வதால் இவருக்கு என்ன ஆதாயம் என்பது ஒன்று. சொல்லப்படும் ஆபத்து உண்டா என்பது மற்றொன்று. ஆதாயம் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் முதல் ஏட்டில் ஒரு வரி சேர்கிறது, அவ்வளவுதான். இரண்டாவது ஏட்டுக்குத் தனியாக ஆதாரம் தேட வேண்டும். வெளி ஆட்கள் சோதித்துப் பார்த்தார்களா? சோதனையின் விவரம் வெளியே வந்ததா? நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லாதவர்கள் அதையே திரும்பச் செய்து பார்த்தார்களா?

ஏற்றுமதித் தடை வெறும் நாடகம் என்பவர்களுக்கு நம் நாட்டு அனுபவமே பதில். 1980-களில் இந்தியா வானிலைக் கணிப்புக்கு அமெரிக்காவிடம் கிரே சூப்பர் கணினி கேட்டது. கேட்ட கணினியைக் கொடுக்காமல் திறன் குறைந்த ஒன்றைத்தான் நிபந்தனைகளோடு கொடுத்தார்கள். அந்த ஆதங்கத்தில் 1988-இல் சி-டாக் என்ற அரசுக் கணினி ஆராய்ச்சி அமைப்பு தொடங்கப்பட்டு, 1991-இல் பரம் 8000 என்ற நம் சூப்பர் கணினி வந்தது. தடையின் வலி வாங்குகிறவனுக்குத் தெரியும்.

நிறுவனம் கட்டுப்பாட்டைக் கேட்டால் நல்லவர் என்பது

2023 மே மாதம் ஓபன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மன் அமெரிக்க செனட் குழு முன் உட்கார்ந்து, சக்திவாய்ந்த மாடல்களுக்கு உரிமம் வழங்கும் அமைப்பு வேண்டும் என்றார். கேட்டவர்கள் நெகிழ்ந்தார்கள். அடுத்த ஆண்டு கலிபோர்னியா மசோதா கையில் வந்து நின்றபோது, அதே நிறுவனம் இது மாநிலங்கள் செய்யும் வேலை இல்லை என்று எதிர்த்தது. உரிமம் என்று வந்தால் ஏற்கெனவே கடை போட்டிருப்பவருக்குச் சுலபம், புதிதாகத் திறப்பவருக்குச் சிரமம் என்பது கடைத்தெருவில் யாருக்கும் தெரியும். அதற்காக உரிமமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொதுவாகப் பேசும் பேச்சை விட்டுவிட்டு, குறிப்பிட்ட ஒரு மசோதாவில் நிறுவனம் எந்தப் பிரிவை ஏற்றது, எதை எதிர்த்தது என்று பாருங்கள்.

தேதி பார்க்காமல் நம்புவது

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். இந்தத் துறையில் விதிகள் மாதக் கணக்கில் மாறுகின்றன. 2024 மார்ச் 1 அன்று நம் மின்னணு அமைச்சகம், முழுமையாகச் சோதிக்கப்படாத ஏஐ மாடல்களை வெளியிட அரசு அனுமதி வேண்டும் என்று அறிவுறுத்தியது. 15-ஆம் தேதியே அனுமதி என்ற நிபந்தனையை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வெளியிட்டது. முதல் செய்திதான் இன்னும் வாட்ஸ்ஆப்பில் சுற்றுகிறது. பைடனின் 2023 ஆணையை டிரம்ப் பதவியேற்ற 2025 ஜனவரி 20 அன்றே ரத்து செய்தார்.

அண்ணனிடம் வந்தவர் பேச்சில் வந்த "வெளிநாட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள்" என்பதற்கும் ஒரு வேர் உண்டு. 2025 ஜனவரியில் பைடன் அரசு போகிற போக்கில் ஒரு விதியை அறிவித்தது. சிப்புகளோடு சேர்த்து, நிறுவனம் தன்னிடமே வைத்திருக்கும் மிகப் பெரிய மூடிய மாடல்களின் வெயிட்ஸ் எனப்படும் உள் எண்களையும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. எல்லோருக்கும் திறந்துவிட்ட மாடல்களுக்கு அது பொருந்தாது. வெயிட்ஸ் கோப்பை அனுப்புவது வேறு, சந்தா கட்டி இணையத்தில் பயன்படுத்துவது வேறு. போகட்டும், அந்த விதியையே 2025 மே மாதத்தில் கைவிட்டுவிட்டார்கள்.

பணம் கட்டுவதற்கு முன்

ஏஐ பெயரைச் சொல்லி ஏமாற்றுவது கடைகளோடு நிற்பதில்லை. 2024 மார்ச்சில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம், இல்லாத ஏஐ திறனை இருப்பதாகச் சொன்ன இரண்டு முதலீட்டு ஆலோசனை நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுத்தது. இருவரும் சேர்ந்து 4 லட்சம் டாலர் அபராதம் கட்டினார்கள்.

அண்ணனை அந்த விற்பனையாளரிடம் நாலு கேள்வி கேட்கச் சொன்னேன். சாப்ட்வேருக்குள் இருக்கும் மாடலின் பெயர் என்ன? தடை வரும் என்கிற உத்தரவின் பெயரும் தேதியும் என்ன? மாடல் பாதியில் நின்றுபோனால் மீதிப் பணம் திரும்ப வருமா? மாதச் சந்தா உண்டா?

மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. தடை வரும் என்று அவரே நம்பினால், மூன்று வருஷப் பணத்தை முன்னாலேயே வாங்குவது அண்ணனுக்குத்தான் நஷ்டம். தடை வந்தால் சேவையும் போகும், பணமும் போகும்.

அண்ணன் சந்தா கட்டவில்லை. பையன் இப்போது இலவசமாகக் கிடைக்கும் ஏஐ ஒன்றில் பூ வேலைப்பாடுள்ள டைல்ஸான பூக்கல்லுக்குப் புதுக் கோலங்களை வரையச் சொல்லி, அதில் தேறுவதை அச்சு செய்பவரிடம் காட்டி அச்சு வெட்டச் சொல்கிறான். விற்பனையாளர் உத்தரவின் நகலை மெயிலில் அனுப்புவதாகச் சொல்லிப் போனார். மூன்று வாரம் ஆகிறது, வந்தால் எனக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்தால் முழுதாகப் படித்துப் பார்ப்பேன்.