கேலிச் சொல்லை நம்முடையதாக்குவது எப்படி?

முதலில் பார்க்க வேண்டியது, அந்தச் சொல் யார் மேல் விழுகிறது என்பதைத்தான். 'புள்ளிங்கோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் என்பதைத்தான் மெட்ராஸ் பாஷையில் அப்படிச் சொல்வோம், கானாவில் நம்ம பசங்க என்று பெருமையாக வந்த சொல், மீம் போடுகிறவர்கள் கைக்குப் போனதும் கலர் அடித்த முடி, டியோ வண்டி, வடசென்னை எல்லாவற்றையும் சேர்த்து வசவாக்கிவிட்டார்கள். வியாசர்பாடி, காசிமேட்டுப் பசங்கதான் அதைத் திரும்ப எடுக்க முடியும். அடையாறில் இருப்பவர் ஆசைக்கு ஸ்டேட்டஸ் வைத்தால் வேஷமாகத்தான் தெரியும்.

சரி, உங்கள் மேல் விழுந்த சொல்தான் என்றால், விளக்கம் எழுதி மல்லுக்கட்டாதீர்கள். யாரும் படிக்க மாட்டார்கள், கீழே வந்து அதே கேலியைத்தான் போட்டுவிட்டுப் போவார்கள். அதற்குப் பதில் அந்தச் சொல்லை உங்கள் அன்றாடத்தோடு சேர்த்தே போடுங்கள்: கேரம் கோப்பையோடு நிற்கும் படத்துக்குக் கீழே "எங்க ஏரியா புள்ளிங்கோ", வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் பால் பாக்கெட் தூக்கிப்போன வீடியோவுக்கும் அதே, தம்பி டிகிரி வாங்கினாலும் அதே. எல்லோரும் ஹேஷ்டேகை ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள், இது முக்கியம், ஆளுக்கொரு விதமாக எழுதினால் தேடுகிறவர் கண்ணில் பழைய மீம்தான் படும்.

இது சென்னைக்குப் புதிதும் இல்லை. 1893-லேயே இரட்டைமலை சீனிவாசன், இழிவாக வீசப்பட்ட தன் சாதிப் பெயரையே தலைப்பாக வைத்து இங்கே 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட மக்களின் கோரிக்கைகளை அரசாங்கத்தின் முன் வைத்த பத்திரிகை அது. பெயருக்குப் பின்னால் அப்படி ஒரு வேலை நடந்ததால்தான் இன்றைக்கும் அதைப் பேசுகிறோம்.

எல்லாச் சொல்லையும் மீட்கவும் வேண்டியதில்லை. திருநங்கைகளைக் குத்திய பழைய சொற்களை அப்படியே விட்டுவிட்டு, 'திருநங்கை' என்ற மரியாதையான புதுச் சொல் நிலைத்தது, இன்று அரசாணையிலும் அதுதான்.

அப்புறம், குழுவிலேயே ஒருத்தருக்கு அந்தச் சொல் இன்னமும் வலிக்கலாம், வகுப்பில் எழுப்பி நிற்கவைத்து வாத்தியார் வாயால் கேட்டிருப்பார். அவரைப் பேர் சொல்லியே கூப்பிடுங்கள், அவர் படத்தில் அந்த ஹேஷ்டேகைப் போடாதீர்கள், ஏன் என்று காரணமும் கேட்காதீர்கள்.