பவர் எழுதிக் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்பாவுக்கு வயதாகிறது. பணம், வரி, காப்பீடு என்று அலைய முடியவில்லை. சரி, பிள்ளைகளில் ஒருவருக்குப் பவர், அதாவது தன் சார்பில் செயல்படும் அதிகாரத்தை எழுத்தில் தரும் பத்திரம், எழுதிக் கொடுத்துவிடலாம் என்று முடிவாகிறது. எங்கிருந்தோ ஒரு மாதிரிப் படிவம் வருகிறது. பெயர்களை மாற்றிக் கையெழுத்துப் போட்டு, இனிக் கவலையில்லை என்று பத்திரமாக உள்ளே வைத்துவிடுகிறார்கள். ஆனால் அந்தக் காகிதம் மிக அவசரமாகத் தேவைப்படுவது, அப்பாவால் பேசவோ கையெழுத்துப் போடவோ முடியாமல் போகும் நாளில். அந்த நாளை நினைத்துப் பார்க்காமல் எழுதுவதால்தான் பெரும்பாலான சிக்கல்கள் வருகின்றன.

அதில் முதலாவது, எல்லாப் பவரும் அந்த நாளில் செல்லும் என்று நம்புவது. சாதாரணப் பவர் அப்போது செல்லாது. பவர் வாங்கியவருக்கு, அதாவது ஏஜென்ட்டுக்கு, என்று சொந்த அதிகாரம் எதுவும் கிடையாது, கொடுத்தவரின் அதிகாரம்தான் அவர் கையில் இருக்கிறது. கொடுத்தவரே முடிவெடுக்கும் திறனை இழந்துவிட்டால் அதுவும் போய்விடும் என்பது பழைய சட்டக் கொள்கை. இந்தியாவில் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 201 இதையே சொல்கிறது: கொடுத்தவரோ ஏஜென்ட்டோ இறந்தாலும் சித்தசுவாதீனம் இழந்தாலும் அதிகாரம் முடிந்துவிடும். அப்பாவுக்கு மறதி நோய் முற்றிய பிறகும் பழைய பவரை வைத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும் மகன், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலேயே, இல்லாத அதிகாரத்தைப் பயன்படுத்துகிறார்.

இந்த ஓட்டையை அடைக்கச் சில நாடுகள் தனி ஆவணம் கொண்டுவந்தன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2007 அக்டோபர் முதல் 'லாஸ்டிங் பவர்' என்ற வகை இருக்கிறது. அதை அரசின் பொதுப் பாதுகாவலர் அலுவலகத்தில் பதிவு செய்யாமல் பயன்படுத்த முடியாது. அமெரிக்காவில் இதை 'டியூரபிள்' பவர் என்பார்கள். 2006ஆம் ஆண்டின் மாதிரிச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட மாநிலங்களில், மாறாக எழுதாதவரை, கொடுத்தவருக்கு மனத்திறன் போன பிறகும் பவர் தொடரும். இப்படி ஏற்பாடு இல்லாத இடத்தில், அல்லது இருந்தும் எழுதி வைக்காத குடும்பத்தில், நீதிமன்றத்துக்குப் போய்ப் பாதுகாவலர் நியமனம் கேட்பதுதான் வழி. அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், அதற்குள் கட்ட வேண்டிய கட்டணங்கள் காத்திருக்காது. ஆகவே வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: 'எனக்கு நினைவு தப்பினால் இது செல்லுமா?'

அடுத்தது, தள்ளிப்போடுவது. இதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன், ஏனென்றால் மற்றவற்றைத் திருத்தலாம், இதைத் திருத்த முடியாது. கையெழுத்துப் போடும்போது தான் என்ன கொடுக்கிறோம், யாருக்குக் கொடுக்கிறோம், அதனால் என்ன ஆகும் என்று பவர் கொடுப்பவருக்குப் புரிந்திருக்க வேண்டும். அதே சமயம், மறதி நோய் என்று டாக்டர் சொன்ன மறுநிமிடமே எல்லாம் முடிந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். ஆரம்ப கட்டத்தில் தெளிவாகப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போடக்கூடியவர்கள் பலர் இருக்கிறார்கள். அப்படியானால் அன்றைய தேதியில் டாக்டரிடம் அவருடைய மனத்தெளிவு பற்றி எழுத்தில் வாங்கி வையுங்கள். வக்கீல் அவரிடம் தனியாகப் பேசட்டும். பவர் வாங்கப்போகிறவர் பக்கத்தில் நின்று பதிலை எடுத்துக்கொடுத்தால், பின்னால் யாராவது வழக்குப் போடும்போது அதுவே முதல் ஆயுதமாகிவிடும்.

சிலர், 'நான் முடியாமல் போன பிறகுதான் இது நடைமுறைக்கு வர வேண்டும்' என்று நிபந்தனை போட விரும்புகிறார்கள். பயம் நியாயமானது. ஆனால் முடியாமல் போய்விட்டது என்று யார் சொல்வது? ஒரு டாக்டரா, இருவரா? அவர்கள் எழுதித் தரத் தயங்கினால்? அவசரத்தில் இந்தக் கேள்விகளுக்கு விடை தேடிக்கொண்டிருப்பது பெரும் தலைவலி. ஒருவரை அந்த அளவுக்குக்கூட நம்ப முடியவில்லை என்றால், ஆளை மாற்றுவதே சரி.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் மூத்த பிள்ளை என்ற ஒரே காரணம் போதாது. நேர்மை வேண்டும், அத்துடன் கணக்கு எழுதும் பழக்கமும் வேண்டும். தன் கடனிலேயே தத்தளிக்கும் ஒருவரிடம் இன்னொருவர் பணத்தைக் கொடுப்பது அவருக்கும் நல்லதல்ல. இரண்டு பேரை நியமித்தால், 'இருவரும் சேர்ந்தே' கையெழுத்துப் போட வேண்டுமா, 'சேர்ந்தோ தனித்தோ' போடலாமா என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். சேர்ந்தே என்று எழுதிவிட்டு ஒருவர் இறந்தாலோ விலகினாலோ, மற்றவர் தனியாக எதுவும் செய்ய முடியாமல் ஆவணமே முடங்கிப் போகலாம். மாற்று ஏஜென்ட் ஒருவர் பெயரையும் சேர்க்கச் சட்டம் அனுமதித்தால், கட்டாயம் சேருங்கள்.

அப்புறம், 'என் சார்பில் எல்லாம் செய்யலாம்' என்ற ஒற்றை வரி. கேட்க முழுமையாக இருந்தாலும், கவுன்ட்டரில் இருப்பவர் 'இந்த வேலைக்கு அதிகாரம் எங்கே எழுதியிருக்கிறது?' என்றுதான் பார்ப்பார். வங்கிக் கணக்கு, வைப்புத்தொகை, பங்குகள், காப்பீடு, வரி, கடன், வீடு நிலம், இணையக் கணக்குகள் என்று பெயர் சொல்லி எழுதுவது நல்லது. எதைச் செய்யக் கூடாது என்றும் எழுதுங்கள். அன்பளிப்புக் கொடுப்பது, வாரிசு நியமனத்தை மாற்றுவது, சொத்தை ஏஜென்ட் தன் பெயருக்கே மாற்றிக்கொள்வது ஆகிய மூன்றைப் பற்றியும் மௌனமாக இருக்கும் ஆவணம் ஆபத்தானது. நிலம் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பவர் பத்திரம் கிரயப் பத்திரம் ஆகாது. பவர் மூலமாக மட்டும் சொத்துரிமை கைமாறாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகவே சொல்லிவிட்டது.

எழுதி முடித்ததும் வங்கியில் காட்டிவிடுங்கள், பவர் கொடுத்தவர் நல்ல நிலையில் இருக்கும்போதே. பல வங்கிகள் தங்கள் சொந்தப் படிவத்தையும் கேட்கும். சில இடங்களில் பவரை ஏற்கவே மாட்டார்கள். அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தை நிர்வகிக்கப் பவர் செல்லாது, அந்தத் துறையிடமே தனியாக விண்ணப்பித்துப் பிரதிநிதியாக நியமனம் பெற வேண்டும்.

ஏஜென்ட் செய்யும் தவறுகளில் அடிக்கடி நடப்பது, அம்மாவின் பணத்தைத் தன் கணக்கில் போட்டு அங்கிருந்து செலவு செய்வது. ஒரு ரூபாய்கூட எடுக்காதவர்மேலும் சந்தேகம் வர இது ஒன்றே போதும். கணக்கைத் தனியாக வைத்து, ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். கையெழுத்துப் போடும்போது, இன்னாருக்காக, அவருடைய பவர் ஏஜென்ட் என்று எழுதிப் போடுங்கள். வெறுமனே உங்கள் பெயரை எழுதினால் அந்தக் கடன் உங்கள் தலையில் விழக்கூடும்.

பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் முடிந்தது. இறுதிச் சடங்குச் செலவுக்குத்தானே என்றுகூட அதைக் காட்டிப் பணம் எடுக்கக் கூடாது. அதன் பிறகு பேச வேண்டியது உயிலும் வாரிசுச் சட்டமும்.

ரத்து செய்வதாக இருந்தால், ஏஜென்ட்டிடம் வாயால் சொன்னது போதாது. எழுத்தில் ரத்து செய்து, பதிவு செய்த பவராக இருந்தால் ரத்தையும் பதிவு செய்து, மூலப் பத்திரத்தையும் நகல்களையும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வங்கி, காப்பீட்டு நிறுவனம் என்று பவரைக் காட்டிய ஒவ்வோர் இடத்துக்கும் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குங்கள். ரத்தான விஷயம் தெரியாமல் நல்லெண்ணத்துடன் அந்த ஏஜென்ட்டை நம்பி நடந்துகொண்ட மூன்றாம் நபரைச் சட்டம் பெரும்பாலும் காப்பாற்றும், நஷ்டம் உங்களுடையதாகிவிடும். பவரை எங்கெங்கே காட்டினோம் என்று முதல் நாளிலிருந்தே ஒரு தாளில் குறித்து வைத்திருந்தால் இந்த வேலை ஒரே நாளில் முடியும்.